அப்பாவின் வயதைத் தேடி ஆரணிக்கு

ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கியபோது காலை ஏழு மணி. எதிரே இருந்த கடைக்குப் போய், "அண்ணே, பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில், அதாவது மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலையில் சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்றுதான் பெயர். தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தினி நாளாச்சும்மா சாப்ட்டு?" என்று மெல்லக் கேட்டார். நான் விளக்குவதற்குள் நாலு இட்லி இலையில் விழுந்துவிட்டது. காசு வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். என் தோல் பெட்டியைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சட்னியை இன்னொரு முறை வாங்கிக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம் அது. எனக்கு இருபத்தேழு வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. ஆண்டுக் கடைசி விடுமுறையில் கப்பலேறி வந்திருந்தேன். சுற்றிப் பார்க்க வரவில்லை. அப்பாவின் வயதை எடுத்துப் போக வந்திருந்தேன்.

அப்பா ஏழுமலை, தோட்டத்து ஆலையில் ரப்பர் பால் நிறுக்கும் கிராணி, அதாவது குமாஸ்தா. ஜப்பான் சண்டைக்குப் பிறகு அடையாள அட்டை கொடுத்த காலத்தில், பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு முகத்தைப் பார்த்து உத்தேசமாக ஒரு வருடம் போட்டார்கள். அந்த அட்டைப்படி வரும் மார்ச்சில் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. முடிந்தால் வேலை போய்விடும். வேலையோடு தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். தம்பிகள் இருவரும் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். அப்பாவோ தனக்கு ஐம்பதுதான் நடக்கிறது என்று அடித்துச் சொல்கிறார். பிறந்த ஊரிலிருந்து சான்றிதழ் கொண்டுவந்தால் வயதைத் திருத்திக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்குத்தான் இந்தப் பயணம்.

அப்பா எனக்குச் சொல்லி அனுப்பியது கொஞ்சம்தான். பிறந்தது ஆரணி, கொசப்பாளையம். தகப்பனார் பெயர் சின்னக்கண்ணு. அவர் இறந்த பிறகு வீட்டைப் பற்றி கோர்ட்டில் ஒரு கேஸ் நடந்தது. அது முடிந்ததும் தாயார் முனியம்மாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். "அங்க நமக்கு யாரும் இல்லம்மா. காகிதத்தை வாங்கிக்கிட்டு வந்துடு" என்றார் அப்பா.

தங்க இடம் கொடுத்தவர் சாந்தா டீச்சர். எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ரோஸியின் சித்தி மகள். ஆரணியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தருகிறார். நான் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் எல்லாம் பூட்டியிருக்கும் என்பதால் என்னையும் கோயிலுக்கு, அவர்களுடைய சர்ச்சுக்கு, கூட்டிக்கொண்டு போனார். மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. காபியில் எருமைப்பால் வாசனை. எங்கள் ஊர்க் காபியில் டின் பாலை ஊற்றி ஊற்றி என் நாக்கு மரத்துப்போயிருந்தது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு டம்ளர் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கே தாலுகா ஆபீஸுக்குக் கிளம்பினேன். ஒரு தெருவில் நுழைந்த சைக்கிள் ரிக்ஷா பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் மழை விட்டிருந்ததால் தெரு நெடுக மாம்பழ நிறத்தில் தறிக்கான பட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிக்ஷாக்காரர் மணியடிக்கக்கூட இல்லை. "அவங்க சுருட்ற வரிக்கும் நம்ம நின்னுகினு இருக்க வேண்டிதான்" என்று பீடியைப் பற்றவைத்தார். எனக்குப் பொறுமை இல்லை. காசைக் கொடுத்துவிட்டு வீட்டுச் சுவர்களை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து போய், வழி கேட்டுக் கேட்டு ஆபீஸைப் பிடித்தேன்.

பதிவறைக் குமாஸ்தா கண்ணாடி போட்ட, அமைதியான மனிதர். விண்ணப்பம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்தேன். எந்த வருடம் என்று கேட்டார். தெரியாததால்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்பா சொன்ன வயதுக்கு முன்னும் பின்னும் சில வருடங்களைப் பார்க்கலாம் என்று நாலு தடித்த புத்தகங்களைத் தூக்கி வந்தார். பிரித்ததும் தும்மல் வந்தது. ஆனால் அந்தக் கையெழுத்து! மை பழுப்பாகியிருந்ததே தவிர ஒவ்வொரு எழுத்தும் கல்லில் வெட்டியதைப் போல இருந்தது.

ஒரு விஷயம் அப்போதுதான் தெரிந்தது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவார்களாம். ஆகவே பெயர் இருக்க வேண்டிய கட்டம் பெரும்பாலும் காலி. ஆண் அல்லது பெண், தகப்பன் பெயர், தெரு, இவ்வளவுதான். நான் தகப்பன் பெயர்க் கட்டத்தில் மட்டும் விரலை ஓட்டிக்கொண்டு போனேன். பதினோரு மணி, பன்னிரண்டு மணி. மூன்றாவது புத்தகத்தில் என் விரல் நின்றது. சின்னக்கண்ணு. கொசப்பாளையம். ஆண். வருடம், அப்பா சொன்ன அதே வருடம். அப்பாவுக்கு ஐம்பதுதான்!

எழுந்து குமாஸ்தாவுக்கு இரண்டு கையாலும் கும்பிடு போட்டேன். அவர் உடனே சான்று எழுத உட்காரவில்லை. முறைப்படி மிச்சப் புத்தகத்தையும் பார்த்துவிடுவோம் என்றார். அரை மணி நேரம் கழித்து நாலாவது புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். சின்னக்கண்ணு. கொசப்பாளையம். ஆண். நாலு வருடம் முந்திய பதிவு. அடையாள அட்டையில் இருந்த வருடத்துக்கு அடுத்த வருடம்.

"ஒங்கப்பாவுக்கு அண்ணன் யாராச்சும் உண்டாம்மா?" என்று குமாஸ்தா கேட்டார்.

இல்லை என்றேன். அதாவது, எனக்குத் தெரிந்து இல்லை. குழந்தையிலேயே இறந்த அண்ணனாக இருக்கலாம் என்று இறப்புப் பதிவையும் தேடிப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு பதிவுக்கும் சான்று தரலாம், ஆனால் இரண்டில் எது உங்கள் அப்பா என்று நான் எழுத முடியாதே என்றார். அவர் சொன்னது நியாயம். மூத்த பதிவை மேனேஜர் பார்த்தால், அட்டைதான் ஏறக்குறைய சரி என்று சொல்லிவிடுவார். சின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் அந்தப் பேரேட்டில் இன்னொரு ஆண் குழந்தை இருந்ததை எனக்குத் தெரியாததாக்கிக்கொள்ள முடியவில்லை. யார் அது?

சாந்தா டீச்சர் வீட்டில் அன்று இரவு ஒரே ஆலோசனை. அவர் மறுநாள் காலை என்னைப் பத்திரம் எழுதும் துரைசாமியிடம் ஒப்படைத்தார். துரைசாமியின் மகள் டீச்சரிடம் படிக்கிறாள். ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரே தகரக் கொட்டகையில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். நாற்பது வயது இருக்கும். வாயில் வெற்றிலை, காதில் பேனா. கேட்டதும் அவருக்கு என்னைவிட உற்சாகம் வந்துவிட்டது. "டீச்சரம்மா, மனுசன் பொய் சொல்வான், மறந்தும் பூடுவான். கோர்ட்டுக் கட்டு அப்பிடியே இருக்கும். வாங்க" என்று செருப்பை மாட்டினார்.

முன்சீப் கோர்ட்டில் கேஸ் நம்பர் தெரியாமல் எதுவும் கிடைக்காது என்றார்கள். வழக்குப் பதிவேட்டில் பெயரைக் கொண்டு தேட அனுமதி வாங்கினோம். முனியம்மாள் என்ற பெயரில் எத்தனை பெண்கள்! கடன், வரப்பு, ஜீவனாம்சம் என்று ஊரில் இருந்த முனியம்மாள்கள் எல்லோரும் கோர்ட்டுக்கு வந்திருந்தார்கள் போலிருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் முனியம்மாள் கிடைத்தார். "மைனர் ஏழுமலை, கார்டியன் தாயார் முனியம்மாள்." அதற்கு எதிரே: "மைனர் பச்சையப்பன், கார்டியன் தாயார் கங்கம்மாள்." இரண்டு பையன்களுக்கும் தகப்பன் பெயர் ஒன்றே.

துரைசாமி பேனாவைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்தார். தாத்தாவுக்கு இரண்டு சம்சாரம். எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாத சங்கதி அந்த ஒரு வரியில் இருந்தது.

வயது எழுதியிருக்கிறதா என்று பரபரத்தேன். இல்லை. வயது பிராதில் இருந்திருக்கும், பிராது முதலான காகிதங்களை விதிப்படி இத்தனை வருடத்தில் கழித்துவிடுவார்கள், சொத்து வழக்கின் தீர்ப்பு டிக்ரியும் அதோடு சேர்ந்ததும் மட்டும் நிரந்தரமாக இருக்கும் என்று ரிக்கார்டு கீப்பர் விளக்கினார். டிக்ரியின் நகலுக்கு மனுப் போட்டேன். இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார்.

"பச்சையப்பன் உயிரோட இருந்தா?" என்றேன் துரைசாமியிடம்.

அவர் என்னை ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். யாராவது நிலம் வாங்கினாலோ விற்றாலோ பெயர்வாரியாக அங்கே அட்டவணை இருக்கும். வில்லங்கம் பார்க்க மனு எழுதி, புதன்கிழமை முழுவதும் அந்த அட்டவணையோடு உட்கார்ந்தோம். நடுவில் துரைசாமி வாங்கித் தந்த மசால் வடையையும் டீயையும் தவிர வேறு சாப்பாடு இல்லை. எனக்குப் பசிக்கவும் இல்லை. மூன்று மணிக்கு அவர் மேசையைத் தட்டினார். பத்து வருடத்துக்குள் எழுதிய ஒரு கிரயப் பத்திரம். வாங்கியவர், சின்னக்கண்ணு குமாரர் பச்சையப்பன். ஊர் தேவிகாபுரம்.

வியாழக்கிழமை தேவிகாபுரம் பஸ். கிளம்பும் முன் டிரைவர் சாவியைத் திருப்பினார், வண்டி இருமியது, அடங்கியது. கண்டக்டர் இறங்கித் தள்ளச் சொன்னார். எல்லோரையும்தான் சொல்கிறார் என்று நானும் இறங்கிப் பின்னால் போய்க் கை வைத்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் ஜன்னலில் தலையை நீட்டி என்னை வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றுவிட்டால் அடுத்த பஸ் வரும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு திட்டுவோம். இங்கே தள்ளினோம், வண்டி கிளம்பியது, ஓடிப் போய்த் தொற்றிக்கொண்டோம். புடவை முழுக்கச் சேறு. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். மலேசியா என்றதும், அது செய்யாறுக்கு அந்தப் பக்கமா என்று கேட்டார். கொஞ்சம் அந்தப் பக்கம் என்றேன்.

பச்சையப்பன் வீடு ஊர்க் கோடியில் இருந்தது. ஓடு வேய்ந்த சின்ன வீடு, பக்கத்தில் களம். களத்தில் ஐந்தாறு பெண்கள் மல்லாட்டைச் செடியைக் குவித்து வைத்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்பதை முதல் நாளே டீச்சர் வீட்டில் கற்றிருந்தேன். கதவு பாதி சாத்தியிருந்தது. கூப்பிட்டேன். இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆள் வாசல் வரை வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பச்சையப்பன் இல்லம்மா. செய்யார் பக்கம் போயிருக்காரு. வர்றதுக்கு நாளாவும்."

எப்போது வருவார் என்று கேட்டேன். தெரியாது என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் ஒருவர்கூட நிமிரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றேன். ஏமாற்றத்தில் அழுகை வரும்போல இருந்தது. பஸ் தூரத்தில் திரும்பும்போதுதான் சட்டென்று உறைத்தது. அந்தக் குரல்! "நாளாவும்" என்று இழுத்த அந்த இழுப்பு. தோட்டத்து ஆலையில் தினமும் பால்வாளி எடையை உரக்கக் கூப்பிடுகிற குரல் அல்லவா அது? நான் பேசிக்கொண்டிருந்தது என் பெரியப்பாவிடம். தான் வீட்டில் இல்லை என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பும் படபடப்புமாக ஒரே நேரத்தில் வந்தது. திரும்பி ஓடலாமா என்று பார்த்தேன். அதுதான் கடைசி பஸ் என்று கண்டக்டர் விசில் அடித்தார். ஏறிவிட்டேன். ஆரணி வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை.

அவர் ஏன் ஒளிந்தார் என்பதைத் துரைசாமிதான் சொன்னார். ரிஜிஸ்தர் ஆபீஸில் நாங்கள் தேடியதைத் தேவிகாபுரத்து ஆள் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தாராம். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்து பச்சையப்பன் பெயரில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறாள், பழைய கேஸைத் தூசி தட்டுகிறாள் என்று சேதி எனக்கு முன்பே அங்கே போய்விட்டது. பங்கு கேட்க வந்திருக்கிறேன் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்?

வெள்ளிக்கிழமை மாலை டிக்ரி நகல் கையில் வந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த மூன்று பக்கம். கோர்ட்டு வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு துரைசாமிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மறுபடி தேவிகாபுரம். இந்த முறை வண்டி தள்ளாமலே ஓடியது. நான் கதவைத் தட்டவில்லை. நேரே களத்துக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து காய் ஆயத் தொடங்கினேன். ஒருவர் என் கையைப் பார்த்து, செடியை எப்படித் திருகினால் காய் நசுங்காது என்று செய்து காட்டினார். அவர்தான் பெரியம்மா என்று பிறகு தெரிந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து அவர் வந்தார். அப்பாவைவிடக் கறுப்பு, அப்பாவைவிட உயரம். ஆனால் நெற்றியும் குரலும் அப்பாவுடையவை.

"பெரியப்பா, நீங்க ஊர்ல இல்லன்னு நீங்களே சொன்னீங்க" என்றேன்.

பெண்களில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நான் அந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அவரும் அதைக் கவனித்தார் என்று தெரிந்தது. எதற்கு வந்தாய் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பேரேட்டில் இருக்கும் இரண்டு பிறப்புகள், அப்பாவின் வேலை, தோட்டத்து வீடு, தம்பிகளின் படிப்பு. மூத்த பதிவு தன்னுடையது என்று அவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும், இளைய பதிவு அப்பாவுக்கு என்று ஆகிவிடும். வேறு எதுவும் வேண்டாம்.

"அப்ப நீயும் ஒண்ணு எழுதிக் குடு" என்றார். "இந்த நெலத்துல, வூட்டுல, ஏயுமலைக்கி ஒண்ணும் பாத்தியத இல்லன்னு."

எழுதித் தரத் தயார், ஆனால் அப்பாவுக்காக நான் கையெழுத்துப் போட்டால் செல்லாதாம், அப்பாவிடமே வாங்கி அனுப்புகிறேன் என்றேன். அவர் முகம் இறுகியது. அவர் பேசத் தொடங்கினார், நான் குறுக்கே போகவில்லை. சித்தி முனியம்மாள் கோர்ட்டில் ஜெயித்து வீட்டை விற்கவைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு சொல்லாமல் கப்பலேறிவிட்டாள் என்று மாமன்மார் சொல்லித்தான் அவர் வளர்ந்திருக்கிறார். அவரும் அவர் தாயும் தேவிகாபுரத்தில் மாமன் வீட்டு மாட்டுக் கொட்டகை ஓரம் கிடந்தார்களாம். தாய் சாகும்வரை அந்தக் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையாம். எங்கள் வீட்டுக் கதை வேறு. வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்பார் அப்பா, யார் என்று மட்டும் சொன்னதில்லை.

நான் பையிலிருந்து நகலை எடுத்தேன். யாரும் ஜெயிக்கவில்லை பெரியப்பா, இது ராஜி டிக்ரி என்றேன். களத்தில் காய் ஆயும் சத்தம் நின்றது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வக்கீல்கள் இல்லாமல் இரண்டு தாய்மாரும் நேரில் வந்து, வழக்கைத் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டதாகச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டை விற்று இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதி. விற்கும்வரை நாலு பேரும் அதே வீட்டில், ஒரே உலையில் உண்பது. அடுத்த வரியை இன்னும் நிதானமாகப் படித்தேன்.

"ஏழுமலையும் அவன் தாயும் கப்பலேறும் செலவை, பணத்தைப் பிரிப்பதற்கு முன் பொதுவிலிருந்து எடுக்க வேண்டும். இது பிரதிவாதியின் தாய் கங்கம்மாள் தாமாகக் கேட்டுக்கொண்டது. இருவரும் இடது பெருவிரல் ரேகை வைத்துள்ளார்கள்."

பெரியப்பா நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்தார்.

"எங்கம்மா கை வெச்சாங்களா?"

"வெச்சிருக்காங்க பெரியப்பா."

"எங்கம்மாதான் கப்பலேத்தி உட்டாங்களா?"

ஆமாம் என்றேன். அவர் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார். தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மாதான் எழுந்து, முதலில் சாப்பிடுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் இருவரையும் உள்ளே அழைத்துப் போனார். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மென்று மென்று தவிப்பதைப் பார்த்துப் பெரியப்பா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். ஏயுமலையும் இப்படித்தான் மெல்லுவான், அடி வாங்குவான் என்றார். பிறகு அவர் சொல்லச் சொல்ல, அந்த வீட்டில் இரண்டு பையன்கள் ஓடியாடியது எனக்குக் கண்ணில் தெரிந்தது. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பதும், கப்பலில் எப்படிப் போனானோ என்று பல வருடம் நினைத்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் வந்தது. பாத்தியதைப் பத்திரத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கே, சாந்தா டீச்சர் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். துரைசாமி பத்திரம் எழுதினார். நோட்டரி வக்கீல் வாசித்துக் காட்டி, இது உண்மைதானா என்று கேட்டபோது பெரியப்பா தேவைக்கு மேல் உரக்க ஆமாம் என்றார். பெயரை நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதியத்துக்குள் தாலுகா ஆபீஸில் இரண்டு பிறப்புச் சான்றும் கிடைத்துவிட்டன. அந்தக் கண்ணாடிக் குமாஸ்தா பிரமாணப் பத்திரத்தையும் படித்துவிட்டு, "கடைசில அண்ணன் கெடச்சிட்டாரு" என்று எனக்கு முன்பே சந்தோஷப்பட்டார்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். பெரியப்பாவுக்கு முடியவில்லை. கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார். என் கையில் இருந்த நகல் தட்டச்சு செய்தது. அவருக்கு அசலைப் பார்க்க வேண்டும். துரைசாமி மனு எழுதிக் கொடுத்தார். ரிக்கார்டு கீப்பர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மனுதாரர் யார், வழக்கில் அவருக்கு என்ன சம்பந்தம் என்று முறைப்படி கேட்டார்.

பெரியப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான்தான் பிரதிவாதி" என்றார்.

உத்தரவு வாங்கிக் கட்டைக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று. சிவப்பு நாடாவை அவிழ்த்து, மேசையில் விரித்தார்கள். மனுவின் அடியில் இரண்டு ரேகைகள், பக்கம் பக்கமாக. ஒன்று கொஞ்சம் இழுபட்டிருந்தது. மற்றது தெளிவாக, வட்டத்துக்குள் வட்டமாக. எது யாருடையது என்று மேலே எழுதியிருந்ததை நான் படித்துச் சொன்னேன். தெளிவானது கங்கம்மாள். பெரியப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். தொடக் கூடாது என்று ரிக்கார்டு கீப்பர் முன்பே சொல்லியிருந்தார். அவர் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் குனிந்திருந்தார்.

வெளியே வந்து டீ குடித்தோம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இதை ஏயுமலைக்கும் இதே மாதிரி வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டும், கடிதத்தில் எழுதி அனுப்பக் கூடாது. சரி என்றேன். சாந்தா டீச்சர் ஆற்காட்டிலிருந்து வரவழைத்த மக்கன் பேடாவும், பெரியம்மா கொடுத்த வறுத்த மல்லாட்டையும் சேர்ந்து என் பெட்டியை மூட முடியாமல் செய்தன. பேடாவை வழியிலேயே தின்று இடம் பண்ணினேன்.

வீட்டுக்குப் போன அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கப்பல் செலவு வரியை மூன்று முறை படிக்கச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று அப்பா கேட்கவில்லை. அவர் குரல் உங்கள் குரல் என்று நானாகச் சொன்னேன். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போனார். வெகுநேரம் கழித்து வந்தார்.

மேனேஜர் சான்றையும் பிரமாணப் பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டிக் கேட்டு, பத்து நாளில் அப்பாவின் வயதைத் திருத்தி எழுதச் சொன்னார். வேலை இன்னும் ஐந்து வருடத்துக்கு நீடித்தது. வீடும் நீடித்தது. தம்பிகள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினார்கள். அப்பா நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று காலையில் ஆபீஸுக்குப் போனவர் மதியம்தான் திரும்பினார். எதற்கு இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டார்.

"லீவுக்கு எழுதிக் குடுத்துட்டு வரேன். ரெண்டு மாசம்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "கமலா, அந்தக் கப்பல் ஆபீஸ் எங்க இருக்குன்னு எனக்குக் காட்டிக் குடு."